பிரஷ் சுற்றிப் போன இடம்

வெள்ளிக்கிழமை மாலை, அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலிருக்கும் ஆவிக்குளியல் அறை, சௌனா, பெண்களுக்கு. வருஷக்கணக்காக அதே நாலைந்து பேர்தான். மேல் பலகையில் கிழவி ஹெல்வி. சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றும் கரண்டியை அவள் யாரிடமும் தருவதில்லை. கீழ்ப் பலகையில் மெர்யாவும் கைசுவும், தோளோடு தோள் உரச.

"இன்னும் ஊத்தட்டுமா?" என்றாள் ஹெல்வி.

"ஊத்துங்க. எங்கள வேகவெச்சுத் தின்னுட்டுதான் விடுவீங்க."

"உன்னை வேகவெக்க இந்தக் கட்டடத்துக் கரண்ட் பத்தாதுடி கைசு."

கல் சீறியது. ஆவி வந்து காதைச் சுட்டது. பேச்சு நின்றது. அங்கே எதையும் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். உடம்பைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஹெல்வியின் ஒரு பக்க மார்பு எப்போது இல்லாமல் போனது என்று யாரும் கேட்டதில்லை. விவாகரத்தான வருஷம் மெர்யா எலும்பும் தோலுமாக வந்து உட்கார்ந்தபோதும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அவள் வந்துகொண்டிருந்தாள்.

ஆவியில் இருந்துவிட்டுக் குளியலறைக்கு வந்தார்கள். மெர்யா முக்காலியில் குனிந்து உட்கார, கைசு பின்னால் நின்று சோப்பு நுரையோடு பிரஷ்ஷால் முதுகு தேய்த்தாள். பிறகு இவள் அவளுக்குத் தேய்ப்பாள். பதினேழு வயசில் தொடங்கிய பழக்கம்.

மூன்றாம் மாடிக்கு அந்த இலையுதிர் காலத்தில்தான் குடிவந்த ஓர்னெல்லா உள்ளேயிருந்து வந்தாள். இத்தாலிக்காரி, இங்கத்திக்காரனைக் கட்டிக்கொண்டவள். எல்லாரும் துணியில்லாமல் உட்காரும் இடத்துக்கு முதல் வாரம் நீச்சலுடையோடு வந்து நின்று, ஹெல்வியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கழற்றியவள். குழாயைத் திறக்கப் போனவள் நின்றாள்.

"மெர்யா, உங்க முதுகுல கறுப்பு இருக்கு. இங்க. ஓரம் பிஞ்ச மாதிரி. டாக்டர் பார்த்தாச்சா?"

கைசுவின் கை நின்றது.

"என்ன கறுப்பு?" என்று மெர்யா திரும்பினாள்.

"இங்க அதெல்லாம் பேசுறதில்லம்மா" என்றாள் ஹெல்வி, வாசலில் நின்று துண்டைப் பிழிந்தபடி.

"ஏன் பேசக்கூடாது? முதுகு அவங்களுக்குத் தெரியாதே."

மெர்யா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். 'எங்கே, எங்கே' என்று எட்டிப் பார்க்க ஒருத்தியும் குனியவில்லை. ஹெல்வி பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தாள். கைசு பிரஷ்ஷை அலசினாள். நுரை போன பிறகும் அலசிக்கொண்டிருந்தாள்.

மெர்யா வீட்டுக்குப் போய்க் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு, ஒரு பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தது. தன் உடம்பில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைப் பார்க்கிறாள்.

சுகாதார மையத்தில் வெட்டி எடுத்து அனுப்பினார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"தோல் புற்றுநோய். மெலனோமா. கொஞ்சம் ஆழமாப் போயிருக்கு. இன்னும் அகலமா வெட்டணும், அக்குள்ல ஒரு நிணநீர்க் கணு எடுத்து, அங்க பரவியிருக்கான்னு பார்க்கணும். நீங்க முதல்ல எப்போ கவனிச்சீங்க?"

"நான் கவனிக்கல."

"வீட்டுல யாராவது?"

"வீட்டுல யாரும் இல்ல."

"ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருக்கும்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வைத்துதான் அது ஞாபகம் வந்தது. மனசுக்கு வரவில்லை, முதுகுக்கு வந்தது. கைசுவின் பிரஷ் மேலிருந்து நேராக இறங்கும். இடது தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் மெல்ல விலகி, ஒரு வளைவு எடுத்து, பிறகு நேராகும். போன கோடையில் அப்படித்தான். அதற்கு முந்தின குளிர்காலத்திலும் அப்படித்தான். வாரம் தவறாமல் அந்த வளைவு. சுகமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பனியில் நடந்து வந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் கைசு ஏலக்காய் பன் சுட்டு எடுத்து வந்தாள். உரிமையோடு அலமாரியைத் திறந்து காபி போட்டாள். இரண்டு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"உனக்குத் தெரியும்" என்றாள் மெர்யா.

கைசு கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"சரியாத் தெரியல. சின்னதா இருந்தப்போலேர்ந்து."

"வளர்றதையும் பார்த்திருக்க."

"சௌனாவுல யார் யாரைப் பார்க்குறா? உனக்குத் தெரியாதா?"

"பார்க்காமலா சுத்திப் போன?"

கைசுவுக்கு முகம் சிவந்தது. "வலிக்கக் கூடாதுன்னு. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்டி. தெரிஞ்சும் நீ பேசல, அப்போ அது உன் விஷயம்னு விட்டுட்டேன். உன் புருஷன் விட்டுட்டுப் போனப்போகூட நான் எதுவும் கேட்கல. அப்புறம் நீதானே சொன்ன, 'கேட்காம இருந்தியே, அது போதும்'னு?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"அவன் போனது எனக்குத் தெரியும், கைசு. இது எனக்குத் தெரியாது."

வாசல் மணி அடித்தது. ஓர்னெல்லா கட்டுத்துணிப் பையோடு வந்தாள். கட்டு மாற்ற ஆள் வேண்டுமென்று நர்ஸ் சொன்னபோது மெர்யா கூப்பிட்டது இவளைத்தான். இவள் குடும்பப் பெயர்கூட மெர்யாவுக்கு இன்னும் சரியாக வாயில் நுழையவில்லை.

மெர்யா நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள். ஓர்னெல்லா பழைய கட்டைப் பிரித்தாள்.

"ஐயய்யோ. ரொம்ப அசிங்கம்."

"எப்படி அசிங்கம்?"

"நீளம். மீன் முள்ளு மாதிரி தையல். கீழ்ப் பக்கம் சிவப்பு. ஆனா சீழ் இல்ல, நல்லா ஆறுது. இங்க ஒரு மச்சம் இருக்கு, பழுப்பு, அது பரவாயில்ல. இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. முதுகு நல்ல முதுகு."

மெர்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தையல் இழுத்தது. மேஜையின் அந்தப் பக்கம் கைசு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அவள் முதுகைப் பார்க்கவில்லை.

ஓர்னெல்லா போன பிறகு கைசு தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கணு ரிசல்ட் எப்போ?"

"அடுத்த வாரம்."

"நானும் வரேன்."

"வேண்டாம்."

கைசு கையுறையை மாட்டினாள். ஒரு விரல் உள்ளே போகவில்லை. கழற்றி மறுபடி மாட்டினாள்.

"தையல் பிரிச்சதும் வெள்ளிக்கிழமை வருவியா?"

"வருவேன். முதுகை நானே தேய்ச்சுக்கறேன்."

"உனக்கு எட்டாதே."

"எட்டாது" என்றாள் மெர்யா, கதவைப் பிடித்தபடி.