ஒரு வண்டி ஜவ்வு, ரூபாய் பதினொன்று

1

ஒரு வண்டி நாற்றத்தின் விலை பதினோரு ரூபாய். 1979ஆம் வருஷத்து விலை. ஒற்றை மாட்டு வண்டி; வழியில் சிந்துவது வாங்குகிறவர் கணக்கு.

இது என் கற்பனை இல்லை. கற்பனை செய்தவர் செங்கல்வராயன். கணியம்பாடிப் பக்கத்து ஆள், வேலூரில் ஓர் அரசாங்க ஆலோசனை அலுவலகத்தில் அதிகாரி. கழிவை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தொழில் யோசனை சொல்லி, திட்ட அறிக்கை எழுதி, பேங்கில் கடன் வாங்கித் தருவது அவர் உத்தியோகம். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கட்டடம் இன்னும் நிற்கிறது. வேலூரில் வக்கீல்களும் ஜாஸ்தி.

இந்தக் கதையை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினேன். ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, 1986இல். ஒரு முழு பிரியாணி கேட்டார். அரை என்றேன். "அரைக்கு முடிவு வராது" என்றார். கடைத்தெருவில் வளர்ந்தவன் இதற்கெல்லாம் அசைவானா? அரையிலேயே நின்றேன்.

2

தொடக்கம் ஒன்று:

பாலாற்று மணல் காலை வெயிலில் பொன்னாக மின்ன —

(அடித்துவிட்டேன். நான் சொல்லும் இடத்தில் மணல் கண்ணுக்குத் தெரியாது. தோல் பதனிடும் டேனரிக்காரர்கள் கொட்டியது தெரியும். அதன்மேல் காக்கை தெரியும்.)

தொடக்கம் இரண்டு:

கழிவுகளைப் பயனுள்ள பண்டங்களாக மாற்றுவதன் வாயிலாக உள்ளூர்ப் பொருளாதாரத்தை மேம்படுத்தும் —

(இது செங்கல்வராயனுடைய திட்ட அறிக்கையின் முதல் வரி. அவராலேயே அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். நான் எப்படி முடிப்பேன்?)

தொடக்கம் மூன்று. இது நிற்கட்டும்:

மஹ்பூபி வஜ்ஜிரம் காய்ச்சுகிறவள். தோலின் உள்பக்கத்தில் சதையும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். டேனரியில் அதைக் கத்தியால் வழித்துத் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் ஜவ்வு. அதைச் சுண்ணாம்பு போகக் கழுவி, கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, வலையில் உலர்த்தினால் வஜ்ஜிரப் பசை. உங்கள் வீட்டு நாற்காலியின் கால் கழன்று விழாமல் இருக்கிறதென்றால், அதில் மஹ்பூபிக்கும் ஒரு பங்கு உண்டு. அடுப்புக்கு விறகுகூட அவள் வாங்குவதில்லை. டேனரி தூக்கிப் போட்ட ஆவாரம்பட்டையைக் காயவைத்து எரிப்பாள். புருஷன் லாரியில் ஓடுகிறவர். மாதத்துக்கு ஒருமுறை வந்து, நாற்றத்தைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்.

ஜவ்வு அவளுக்கு வந்தது அப்துல் கஃபாரின் டேனரியிலிருந்து. சும்மா வந்தது. முன்பு கஃபார் சாயபு அதை ஆற்றோரம் கொட்ட வண்டிக்காரனுக்கு நாலு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். மஹ்பூபி தன் செலவில் வண்டி வைத்து எடுத்துப்போக ஆரம்பித்ததும் அந்த நாலு ரூபாய் அவர் பையிலேயே நின்றது. இவளுக்குச் சரக்கு ஓசி, அவருக்கு நாலு ரூபாய் மிச்சம், ஆற்றுக்குக் கொஞ்சம் மூச்சு. மூன்று பேருக்கும் லாபம். கெட்டுப்போக வேண்டுமென்றால் படித்தவர் யாராவது வந்தாக வேண்டும்.

3

வந்தார்.

மஹ்பூபிக்கு ஒரு பெரிய கொப்பரையும், மழையில் பசை நனையாமல் இருக்க ஒரு கொட்டகையும் வேண்டும். செங்கல்வராயன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, முழங்காலில் அறிக்கையை வைத்து எழுதினார்.

"மூலப்பொருள் விலை எவ்ளோம்மா?"

"இன்னா சாப், நாத்தத்துக்கு விலை கேக்கறீங்க? சும்மாதான்."

பூஜ்யம் என்று எழுதிக் கொண்டுபோனார். பேங்க் மேனேஜர் திருப்பிவிட்டார். "சும்மா வர்ற சரக்கு நாளைக்குச் சும்மா நின்னுபோகும் சார். விலை இல்லாத சரக்குக்கு நான் எப்படிக் கடன் தர்றது? ஒரு ரேட் போட்டுக் கொண்டாங்க. சப்ளை பண்றவர் கையெழுத்தும் வேணும்."

செங்கல்வராயன் பேங்க் வாசலில் நின்றபடியே பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்.*

* ஏன் பதினொன்று என்று கேட்டேன். "பத்துன்னு போட்டா கற்பனைன்னு தெரிஞ்சிடும். பதினொண்ணுன்னா யாரோ கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார். இந்தக் கதையில் முதல் எழுத்தாளர் அவர்தான். நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். நாலு ரூபாய் வண்டிக்கூலி என்று மேலே எழுதினேனே, நம்பினீர்கள் அல்லவா?

பதினொன்று வந்ததும் லாபம் குறைந்தது. லாபம் சரியாக வர, பசை விலையையும் கொஞ்சம் ஏற்றினார். ஒரு பொய் தனியாக நின்றால் பயப்படும். துணைக்கு ஒன்று வேண்டும்.

4

கையெழுத்துக்காகக் கஃபார் சாயபுவிடம் போனார். சாயபு பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"மஹ்பூபிக்குத்தானே? குடுங்க சார். பாவம், கஷ்டப்படுறா."

படித்தார். பேனா மூடி திரும்பப் பேனாவில் ஏறியது.

"இது இன்னா சார், பதினோரு ரூபா?"

"ஜவ்வு விலைங்க. வண்டிக்கு."

"யாருக்குத் தர்றா?"

"யாருக்கும் தரலைங்க. கணக்குக்காக."

"கணக்குல போவுது, என் கைக்கு வரலை. அப்ப நடுவுல யார் சார் தின்றான்?"

செங்கல்வராயன் விளக்கினார். பூஜ்யம் செல்லாது, பேங்க் கேட்டது, பதினொன்று என்பது தன் மனசிலிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். சாயபு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆபீசரு முத்திரை குத்தி எழுதினது பொய்யுன்றீங்க. வாயால சொல்றது நிஜமுன்றீங்க. நான் வியாபாரி சார். எதை நம்பட்டும்?"

அப்புறம் மலாய் மிதக்கிற டீ வரவழைத்தார். "இத்தினி வருஷமா பதினோரு ரூபாயை வாசல்ல கொட்டிக்கினு இருந்திருக்கேன். நீங்க வந்துதான் கண்ணைத் தொறந்தீங்க. ரொம்ப நல்ல மனுஷன் சார் நீங்க. ராணிப்பேட்டையிலேர்ந்து ஒருத்தரு பன்னெண்டுக்கே கேட்டாரு. நான்தான் மஹ்பூபி முகத்துக்காகச் சரின்னு சொல்லலை."

5

இந்த ராணிப்பேட்டைக்காரர் மேல் எனக்குச் சந்தேகம்.

கதையில் ஒருவர் வந்தால் பெயர் வைக்க வேண்டும், சட்டை போட வேண்டும். முயன்றேன்: கிருஷ்ணராஜ், தங்கப்பல், பசை ஃபாக்டரி, அம்பாஸடர் —

(அடித்துவிட்டேன்.) நான் வளர்ந்த கடைத்தெருவில் எல்லா பேரத்திலும் இப்படி ஒருவர் உண்டு. இப்போதுதான் வந்துவிட்டுப் போயிருப்பார். நம்மைவிட ஒரு ரூபாய் கூடக் கேட்டிருப்பார். நாளைக் காலை திரும்ப வருவார். அவரைக் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை. எத்தனையோ பேருக்கு வியாபாரம் முடித்துக் கொடுத்த மகானுக்கு நான் ஏன் சட்டை தைக்க வேண்டும்? இல்லாதவராகவே இருக்கட்டும். பயம் மட்டும் இருந்தால் போதும். அது செங்கல்வராயனுக்கு இருந்தது.

ஏனென்றால் கணக்கு இது: ஒரு வண்டி ஜவ்வில் எல்லாச் செலவும் போக மஹ்பூபி கையில் நிற்பது பதினாலு ரூபாய். அதில் பதினொன்று போனால் மூன்று. மூன்றில் அரிசி வாங்கினால் கடன் தவணை நிற்கும், தவணை கட்டினால் அரிசி நிற்கும். இரண்டில் எது நின்றாலும் அடுப்பு அணையும். உதவி செய்யப் போனவர் ஒரு பேனாவால் அவள் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டார்.

அவளிடம் போய்ச் சொன்னார். மஹ்பூபி துடுப்பைக் கொப்பரையிலிருந்து எடுத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனார்.

"யா அல்லா! நாத்தத்துக்கு விலை வெச்சிட்டீங்களே சாப். நாளைக்கு அடுப்புப் பொகைக்கு ஒண்ணு, எம் புருஷன் கொறட்டைக்கு ஒண்ணா?"

"பூஜ்யம் போட்டா பேங்குல வாங்கமாட்டேன்றாங்கம்மா."

"பூஜ்யம் வாங்கலைன்னா ஒர்ரூபா போட வேண்டியதுதானே? உங்க வூட்டுத் துட்டா இருந்தா பதினொண்ணு போடுவீங்களா?"

செங்கல்வராயன் அலுவலகத்தில் பயிற்சி, சென்னையில் பயிற்சி, பெங்களூரில் பயிற்சி என்று எல்லாம் முடித்தவர். ஒரு ரூபாய் என்று ஓர் எண் இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

6

மறுநாள் இரண்டு பேரும் சாயபு வீட்டுக்குப் போனார்கள்.

"பொம்பளைகிட்ட நான் பேரம் பேசறதில்லை" என்றார் சாயபு. "வேணும்னா உள்ள போய் ஹலீமாகிட்ட பேசட்டும். நம்ம வூட்டுல பெரிய வியாபாரி அவதான்."

இது பெருமைக்குச் சொன்னது அல்ல. அவர் மனைவி ஹலீமா பீ தோல் மண்டித் தரகரின் மகள். மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டை மேலே போட்டு, அதன் அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்வார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை தெரிந்தது இரண்டு கைக்குத்தான். ஹலீமா பீ சின்ன வயதில் தகப்பனார் மடியில் உட்கார்ந்து அந்த விரல் பேச்சைக் கற்றவள்.

"வாங்க ஆபா, துப்பட்டாவைப் போடுங்க. பேசிடலாம்" என்று அக்கா முறை வைத்து அழைக்கும் மஹ்பூபியின் குரல் உள்ளேயிருந்து கேட்டது. பச்சைத் திரை விழுந்தது.

(வாசகரே, இங்கே ஒரு சங்கடம். கதை எழுதுகிறவன் எங்கே வேண்டுமானாலும் நுழைவான் என்பார்கள். ஆண்டவன் மாதிரி, கரப்பான்பூச்சி மாதிரி. ஆனால் அந்தத் திரையைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. செங்கல்வராயனுக்கும் இல்லை. அந்த வீட்டுக்கு உரிமையாளரான சாயபுவே அந்த நேரத்தில் உள்ளே போகத் துணியவில்லை. ஆகவே மூன்று ஆண்பிள்ளைகளும் வெளியே உட்கார்ந்தோம்.)

வளையல் சத்தம் மட்டும் வந்தது.

"தங்கம் கொஞ்சம் கட்டையா பேசும், கண்ணாடி கலகலன்னு பேசும்" என்று சாயபு கிசுகிசுத்தார். "இப்ப பேசினது தங்கம். நம்ம பக்கம்."

கண்ணாடி கலகலத்தது. செங்கல்வராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பத் தங்கம். சாயபு தாடியைத் தடவினார். கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. செங்கல்வராயன் நாற்காலி நுனிக்கு வந்தார். பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. டீயில் ஆடை கட்டியது.

திடீரென்று உள்ளே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இது எந்தப் பக்கம்?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

சாயபுவுக்கு வியர்த்திருந்தது. "ரெண்டு பொம்பளை சேர்ந்து சிரிச்சா நம்ம ரெண்டு பேருக்குமே நஷ்டம் சார்."

மஹ்பூபி வெளியே வந்தாள்.

"என்னாச்சும்மா?"

"ஆச்சு சாப்."

"எவ்ளோ?"

"துப்பட்டாவுக்குள்ள பேசினதை வெளிய பேசறதுக்கு, துப்பட்டா எதுக்கு?"

"ரிப்போர்ட்ல எழுதணுமே!"

"நீங்க எழுதின பதினொண்ணே இருக்கட்டும். பேங்குக்கு அது அழகா இருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "வர்றேன் சாயபு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆபா சொல்லிட்டாங்க."

சாயபு கையெழுத்துப் போட்டார். எதற்குப் போட்டோம் என்று அவருக்கும் தெரியாது.

7

முடிவுகள்.

அ. ஹலீமா பீ மனம் இரங்கி, "எப்பவும்போல சும்மா எடுத்துக்கோ" என்று — (இதை எழுதினால் எங்கள் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. தரகர் மகளாவது, சும்மா கொடுப்பதாவது!)

ஆ. பதினொன்றுக்கே படிந்தது. மஹ்பூபி போட்டது வீம்புச் சிரிப்பு. ஆறு மாதத்தில் புதுக் கொப்பரையில் ஆடு தண்ணீர் — (வேண்டாம். எனக்கே தாங்கவில்லை.)

இ. மூன்று ரூபாய். அதுவும் புருஷன்மாருக்குத் தெரியாமல் ஹலீமா பீயின் சுருக்குப்பைக்கு. அதனால்தான் சிரி —

(இது நன்றாக இருக்கிறது. ஆகவே சந்தேகமாக இருக்கிறது.)

ஆம்பூரில் செங்கல்வராயனைக் கேட்டேன்: "உள்ள போகும்போது மஹ்பூபி கையில் எத்தனை வளையல்? வரும்போது எத்தனை?" பேரத்தில் உடைந்திருக்கும், கழற்றிக் கொடுத்திருப்பாள், எதிர்ப்பக்கத்து வளையல் இவள் கைக்கு வந்திருக்கும். ஏதாவது துப்பு கிடைக்காதா?

"பார்க்கலைங்க" என்றார். மாதச் சம்பளத்துக்கு எண்ணிக்கை எழுதியவர்!

மீதி அரை பிரியாணியையும் வரவழைத்தேன். சாப்பிட்டார், கை கழுவினார். "முடிவு?" என்றேன்.

"அரைக்கு வராதுன்னுதான் சொன்னேன். முழுசுக்கு வரும்னு எப்பங்க சொன்னேன்?"

வியாபாரிகள் நடுவே வளர்ந்த என்னை ஓர் அரசாங்க மனிதர் ஏமாற்றிய வரலாறு இது.

போகும்போது ஒன்று சொன்னார். அந்த அறிக்கையின் நகல் எப்படியோ வெளியே போய்விட்டது. அடுத்த வருஷம் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரை எந்த டேனரியில் கேட்டாலும் ஜவ்வு வண்டி பதினோரு ரூபாய். யார் வைத்த விலை என்று ஒருவருக்கும் தெரியாது. விலை வந்ததும் ஜவ்வை ஆற்றில் கொட்டுவது நின்றுவிட்டது. துட்டை யார் ஆற்றில் போடுவார்கள்? தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீருக்கு இன்னும் யாரும் விலை வைக்கவில்லை, அது வழக்கம்போல ஓடியது. சும்மா எடுத்துக் காய்ச்சிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் அடுப்பை அணைத்துவிட்டு டேனரியில் கூலிக்குப் போனார்கள். செங்கல்வராயனுக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கவே அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று.

"மஹ்பூபி கொட்டகை?"

"பஸ்ஸுல போகும்போது அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்க. பொகை வருதா வரலையான்னு பார்த்துட்டா, அப்புறம் தெரிஞ்சிடும் இல்லே?"

8

கணக்கு.

பற்று: பிரியாணி, அரையும் அரையும் ஒன்று. டீ இரண்டு. அடித்த தொடக்கம் இரண்டு, அடித்த முடிவு மூன்று, அடித்த ராணிப்பேட்டைக்காரர் ஒருவர்.

வரவு: கதை ஒன்று. முடிவு, சரக்கு வந்து சேரவில்லை.

நேர் செய்ய வேண்டியது நீங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். பார்த்து எழுதுங்கள்; இந்தப் பக்கத்தில் எழுதிய விலை நடப்பு விலையாகிவிடுகிற வழக்கம் உண்டு. உங்கள் வீட்டுத் துட்டாக நினைத்து எழுதினால் நல்லது. கொப்பரை இன்னும் சூடாக இருக்கிறது.

மஹ்பூபிக்கு ஜவ்வு, வண்டி ஒன்றுக்கு: ரூ. ........

(பூஜ்யம் செல்லாது.)