ஒரு மணிக்குப் பதிவான மேஜை

கேளிக்கைப் பூங்கா உணவகத்தில் ஒரு மணிக்கு மேஜை பதிவாகியிருந்ததால், கணவர் முன்கூட்டியே இன்சுலின் போட்டுக்கொண்டார். ஆனால் படகுச் சவாரி பாதியில் நின்றுபோனது. கைவசமிருந்த மிட்டாயும் படகிலேயே தீர்ந்தது. உணவகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றே முக்கால்.

"பதினஞ்சு நிமிஷம்தான் பார்ப்போம் மேடம். வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு," என்றாள் வாசலில் நின்ற பெண்.

மனைவி பிடித்திருந்த கணவரின் கை சில்லிட்டு வியர்த்தது. "நாம எங்க இருக்கோம்?" என்று குழறினார். அவள் வாசல் பெண்ணிடம் கத்தினாள்.

"சர்க்கரை இறங்குதும்மா! இனிப்பா ஏதாவது குடு!"

அந்தப் பெண் உள்ளே ஓடி, யாரோ குடித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு ஜூஸைப் பறிக்காத குறையாக வாங்கி வந்தாள். மனைவி மடக்கு மடக்காகப் புகட்டினாள். பத்து நிமிஷம் நகரவே மாட்டேனென்றது.

மெல்லத் தலை நிமிர்ந்தவர், "இது யாரோட ஜூஸ்?" என்று கேட்டார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொப்பென்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.