பெலிசாவின் கூரையில் ஏழு முகங்கள்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு, வாராந்தரக் கூட்டத்தின் மணி அடித்து ஓய்ந்த கையோடு, சான் அமாரோ சேவைக் கழகத் தலைவர் டாக்டர் கிளாரோவின் நெற்றியில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று விழுந்தது. ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. ஓட்டை வழியாகச் சுவர்க் காலண்டர் தெரிந்தது என்று எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். ஊரில் இருப்பது ஒரே பல் டாக்டர், நாளைக்கு அவரிடம்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. வழக்கம்போல ஜெபம் சொன்னார்கள், பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், வறுத்த பால்கெண்டை மீனும் சோறும் வந்தன. உறுப்பினர் செய்தி நேரத்தில் இரும்புக்கடை ஆங் எழுந்து, தன் காதோரமும் ஒன்று விழுந்திருப்பதாகத் தெரிவித்தார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். மொத்தம் ஏழு பேர், ஏழு பேரும் அந்த ஆண்டின் நிர்வாகிகள்.

இரண்டு மாதத்துக்கு முன் அடித்த புயல், கடலோரக் குடிசைகளின் ஓலைக் கூரைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. விதவை பெலிசாவின் குடிசைக்குப் பத்துத் தகரம் தருவதாகக் கழகம் அறிவித்தது. நிர்வாகிகள் ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் போனார்கள். தங்கள் ஏழு முகங்களையும் பெரிதாக அச்சடித்த பேனரை அவள் வாசலில் கட்டினார்கள். ஆங்கின் கடைத் தகரம் ஒன்றை ஒரு பக்கம் பெலிசாவும் மறுபக்கம் ஏழு பேரும் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுக்கப்பட்டது. மீதி ஒன்பதும் பின்னாலேயே வரும் என்றார்கள். பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றும் விற்கிற சரக்கு, கீறல் விழக்கூடாது என்று வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. பேனரை மட்டும் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். செயலாளர் எமெரிட்டா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, எதையும் தள்ளிப்போடாதவர். அன்று மாலையே போட்டோவை ஒட்டி, பணி முடிந்தது என்று மாவட்டத் தலைமைக் கழகத்துக்கு அறிக்கை அனுப்பினார். மாவட்டம் கேடயம் கொடுத்தது. பெலிசாவோ தகரம் இன்று வரும், நாளை வரும் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் ஜோனலினுக்கு ஈரத்தில் இளைப்பு அதிகமானதும், பேனரை எடுத்து ஓலையில்லாத கூரைமேல் விரித்து ஆணி அடித்தாள். அது ஒரு வியாழக்கிழமை, நேரம் பகல் பன்னிரண்டே கால்.

அதற்குப் பிறகு மழை நாட்களில் ஏழு பேர் முகத்திலும் தண்ணீர் சொட்டியது. வெயில் நாட்களில் அறைக்குள் உட்கார்ந்தபடியே கறுத்தார்கள். பக்கத்து வீட்டுக் கோழி ஆங்கின் மூக்கில் எச்சமிட்டது. ஆங்கின் டிரைவர்தான் அந்தப் பக்கம் போனபோது கூரையைப் பார்த்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னான். மூன்று பேர் கிளம்பிப் போனார்கள்.

"பேனரக் கழட்டிக் குடும்மா, அது கழகத்துச் சொத்து" என்றார் கிளாரோ.

"தாராளமா எடுத்துக்குங்க டாக்டர். தகரத்தப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. புள்ள நெஞ்சு கீச்சுகீச்சுங்குது, நான் என்ன செய்ய?"

எமெரிட்டா கோப்பைத் திறந்து போட்டோவைக் காட்டினார். "தகரம் குடுத்தாச்சுன்னு இதுல இருக்கே. நீயே புடிச்சுட்டு நிக்கிற. குடுத்ததத் திரும்பவும் குடுத்தா, மொதல்ல எழுதினது பொய்யின்னு ஆயிடாதா?"

"அது பொய்தானே டீச்சர்?"

எமெரிட்டா கோப்பை மூடினார். ஆங் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "சரி, பேனர் இங்கியே கெடக்கட்டும். மொகத்த மட்டும் உள்பக்கமாத் திருப்பிப் போட்டுடேன். வெயிலாவது படாம இருக்கும்." பெலிசா சரி என்றாள். மறுநாளே திருப்பி அடித்தாள்.

அன்றிலிருந்து ஏழு பேருக்கும் வலது கண்ணில் எப்போதும்போல ஊர் தெரிந்தது, இடது கண்ணில் பெலிசாவின் குடிசை தெரிந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது, அங்கே பேசுவதும் காதில் விழுந்தது. இலோய்லோ பட்டணத்துக்குப் போய்ப் பெரிய கண் டாக்டரைப் பார்த்தார்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமைகளில் வலது கண்ணில் மீனையும் இடது கண்ணில் கஞ்சிப் பானையையும் பார்த்தபடி சாப்பிட்டார்கள். முதல் வாரம் இரண்டு பேருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து இறங்கியது. மனிதனுக்கு எதுவும் பழகிவிடும் என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

பாயில் மல்லாந்து கிடந்த ஜோனலினுக்குப் பேச்சுத் துணை அந்த ஏழு முகங்கள்தான். பேனரில் பல் தெரியச் சிரித்த கிளாரோவுக்குப் பல்லு மாமா என்று பெயர் வைத்தாள். "பல்லு மாமா, இன்னிக்கு எங்க வீட்ல கருவாடு" என்பாள். "நெத்தியில ஓட்ட இருக்கே, உனக்கு வலிக்கலியா?" என்பாள். கிளாரோ ஒருவர் பல்லைப் பிடுங்கும் நடுவில் சிரித்துவிடுவார். உறுப்பினர் செய்தி நேரத்தில் தன் பேரன்களை விட்டுவிட்டு அவளைப் பற்றியே சொன்னார். ஒருநாள் ஆங்கின் கடைக்குப் போய்ப் பத்துத் தகரத்தைத் தானே எடுத்து வைத்தார்.

"எந்தப் பணிக் கணக்குல எழுதறது டாக்டர்?" என்று கேட்டார் ஆங்.

"என் பேர்லயே எழுதேன்."

"நீங்க தனியாக் குடுத்தா, கழகம் குடுக்கலேன்னு ஊரே பேசாதா? கேடயத்த என்ன பண்றது?"

கிளாரோ தகரங்களைத் திரும்ப அடுக்கி வைத்தார். நிர்வாகக் குழுவில் வைத்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். குழு இரண்டு முறை கூடியது. மூன்றாம் கூட்டம் மழைக்காலம் முடிந்ததும் என்று முடிவானது. அந்த மனிதர் அந்தக் குழந்தைமேல் வைத்திருந்த பாசம் பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆகஸ்டில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பழைய ஆணி ஓட்டைகள் பெரிதாகி, கிளாரோவின் நெற்றி வழியாக ஒழுகிய தண்ணீர் நேராகப் பாயில் விழுந்தது. குடிசையில் பாயை நகர்த்த வேறு இடமில்லை. ஒன்பதாம் நாள் வியாழன். ஜோனலின் பல்லு மாமாவைப் பார்த்து, "மூடிக்கோ மாமா, நனையுது" என்றாள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கிளாரோ கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டார். எதிரே இருந்தவர்கள் அவருக்குத் தலைவலி என்று நினைத்தார்கள். ஜோனலினின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது நின்றதை ஏழு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். எமெரிட்டா ஒரு நிமிட மௌனத்தை முன்மொழிந்தார், ஆங் வழிமொழிந்தார். ஒரு நிமிடம் முடிந்ததும் வாழைப்பழப் பாயசம் வந்தது.

மறுநாள் கழகத்தார் வெள்ளைச் சவப்பெட்டியுடனும் புதுப் பேனருடனும் போட்டோக்காரருடனும் போனார்கள். பெலிசா பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"போட்டோ எடுத்து முடிச்சதும் இதுவும் வண்டியில திரும்பிப் போயிடுமா, டாக்டர்?"

அவள் ஏணி வைத்து ஏறி, பழைய பேனரின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முகங்கள் உள்பக்கம் இருக்கும்படி மகளை அதில் சுற்றி, கயிற்றால் கட்டிப் புதைத்தாள். பிறகு அக்காள் ஊருக்குப் போய்விட்டாள்.

கழகம் இன்றும் வியாழக்கிழமைகளில் கூடுகிறது. ஏழு பேருக்கும் இடது கண்ணில் ஒரே முகம்தான், மிகக் கிட்டத்தில். மண்ணுக்கடியில் எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஜெபம், பாட்டு, மீன் எல்லாம் முறைப்படி நடக்கின்றன. உறுப்பினர் செய்தி நேரம் வந்ததும் கிளாரோ எழுந்து, "புள்ள தூங்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்கிறார். எமெரிட்டா அதை எழுதிக்கொள்கிறார். பிறகு மணி அடிக்கிறார்கள்.