செல்லக்கண்ணு சொன்ன வாக்கியம்

வேலை நேரத்தில் செல்லக்கண்ணு போன் செய்யவே மாட்டார். வியாழக்கிழமை மத்தியானம், குவீன்ஸ்டவுன் ரயில் நிலையத்தில் நிரஞ்சனா நின்றுகொண்டிருந்தபோது அவர் எண் வந்ததுமே அவள் கூட்டத்தை விட்டு ஒதுங்கி எடுத்தாள்.

"மேடம், என் பேர எடுத்துருங்க."

"என்னண்ணே ஆச்சு?"

"காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர் அருண்ராஜ் எல்லாரையும் நிக்க வச்சு, உங்க போஸ்டர போன்ல காட்டுனாரு. சிமெண்ட்டும் ஆளும் ஒரே லாரியில போறது நம்ம கம்பெனிதான், இதச் சொன்னவன் எவன்னாரு. நாப்பது பேரும் வாயத் தொறக்கல. அடுத்த மாசம் எனக்கு வேல பெர்மிட் புதுப்பிக்கணும் மேடம். சனிக்கிழம செவத்துல என் பேரு தொங்குச்சுன்னா நான் ஊருக்குப் பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

அந்தப் போஸ்டரை வடிவமைத்து ஊரெல்லாம் அனுப்பியவள் நிரஞ்சனாதான். பேராசிரியர் விசாலாட்சியின் ஆய்வுத் திட்டத்தில் அவள் உதவியாளர். பன்னிரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பேசவைத்து, அவர்கள் சொன்னதை லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் சுவர்களில் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் சொன்னவரின் முழுப்பெயரை எழுதப்போகிறார்கள். சனிக்கிழமை திறப்பு விழா. போஸ்டரில் பெயர் எதுவும் இல்லை, ஒரே ஒரு வாக்கியம்தான்: 'மழை வந்தா தார்ப்பாய் முதல்ல சிமெண்ட் மூட்டைக்கு, மிச்சம் இருந்தா எங்களுக்கு.' அதைச் சொன்னவர் செல்லக்கண்ணு.

பெயர் வேண்டாம் என்று மனிதர் பேட்டி எடுத்த அன்றைக்கே சொன்னார். கிராஞ்சியில் அவர் தங்கியிருந்த டார்மிட்டரி கேண்டீனில் உட்கார்ந்து, "பேரெல்லாம் எதுக்கு மேடம், என் கட்டில் நம்பர் பதினாலு, அதப் போட்டுக்கங்க" என்றார். நம்மவள் சும்மா இருந்தாளா? வெள்ளைக்காரன் கூலிகளுக்கு நம்பர் போட்டு ஏடு எழுதிய கதையில் தொடங்கி, பெயரை மறைப்பது காலனியம் நமக்குப் பழக்கிவிட்ட அடிமைத்தனம் என்பதுவரை இருபது நிமிடம் பொழிந்து தள்ளினாள். அவர் டீ ஆறிப்போனது. பாவம், ரெண்டு பஸ் மாறி வந்து இந்தப் பிள்ளை இப்படிக் கெஞ்சுகிறதே என்ற இரக்கத்தில்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அவள் அதைத் தன் வாதத்தின் வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

இப்போது போனை வைத்ததும் நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

விசாலாட்சி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிரஞ்சனாவுக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவருடைய கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். அந்த மனிதரைப் பற்றி ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருப்பது ஒரு நான்கு இலக்க எண் மட்டும்தான். அதைத் தேடிக் கண்டுபிடிக்க விசாலாட்சிக்கு ஆறு வருடம் ஆனது.

"பேர எடுத்துட்டா அந்தச் சுவத்துல என்னம்மா இருக்கும்? 'ஒரு தொழிலாளி'னு போடுறதா? அதத்தானே வெள்ளைக்காரன் அன்னைக்குச் செஞ்சான்."

"டாக்டர், அவருக்கு வேல போயிடும்."

"அவர் பயப்படுறாரு. ஐ அண்டர்ஸ்டாண்ட். ஆனா அந்தப் பயம் எங்கேர்ந்து வந்துச்சுனுதானே நம்ம மொத்த ப்ராஜெக்ட்டும்."

"அவங்க சொல்றத முதல்ல கேக்கணும்னு நீங்கதான் டாக்டர் சொல்லிக் குடுத்தீங்க. இப்ப எடுங்கனு சொல்றாரே, அதக் கேக்க வேண்டாமா?"

"கேக்குறேன் நிரஞ்சனா. ஆனா இப்ப பேசுறது அவர் இல்ல, அந்தப் பயம். ஞாயித்துக்கிழம வரச்சொல்லு, உக்காந்து பேசலாம் லா."

ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு முன், சனிக்கிழமையே பெயர் மாட்டியாகிவிடும் என்பது இத்தனை படித்தவருக்குத் தெரியவில்லை. நிரஞ்சனாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. செல்லக்கண்ணு சொன்னால் அவர் குரல், அவரே மாற்றிச் சொன்னால் காலனியத்தின் குரல். எந்தக் குரல் அசல் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் மட்டும் எப்போதும் நாம் உட்கார்ந்திருக்கிறோம். இதை அப்போதே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். ரயிலில் போகும்போதுதான் வார்த்தை வந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வாக்கியம் ஏற்கெனவே ஊர் முழுக்கப் போய்விட்டது. 'ஒரு தொழிலாளி' என்று போட்டாலும் அந்தச் சூப்பர்வைசர் நாற்பது பேரில் அந்த ஒரு தொழிலாளியைத் தேடிக்கொண்டேதான் இருப்பான். தேடல் நிற்க வேண்டுமானால் அதைச் சொன்னது தொழிலாளியே இல்லை என்றாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனால் வேறு வழி தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை கேம்பல் லேன் பக்கம் ஒரு கடையில் புதிய பெயர் அட்டை அச்சடித்து வாங்கினாள். கண்காட்சிக்கு யாரும் வருவதற்கு முன் செல்லக்கண்ணுவின் அட்டையைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, இதை ஒட்டினாள். 'எழுதியவர்: நிரஞ்சனா.'

விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வந்த விசாலாட்சி அந்த அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். வாயைத் திறந்து திருத்த வேண்டுமானால் செல்லக்கண்ணுவின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. அந்த நல்ல மனசுக்காக நிரஞ்சனா அவருக்கு என்றைக்கும் நன்றியோடு இருப்பாள். எல்லோரும் போனபிறகு அருகில் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஒரு கூலியோட வார்த்தைய எடுத்து உன் பேர எழுதிக்கிட்டே. வெள்ளைக்காரங்க இதத்தான் நூத்தம்பது வருஷம் செஞ்சாங்க."

நிரஞ்சனா பைக்குள் கிடந்த பழைய அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வருபவர்களுக்கு விளக்கம் சொல்ல நிரஞ்சனாதான் நின்றாள். ஆறேழு பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்குப் பின்னால், இஸ்திரி போட்ட கோடு சட்டையில் செல்லக்கண்ணு வந்தார். முன்னால் போனுடன் நடந்துவந்தவன்தான் சூப்பர்வைசர் அருண்ராஜ் என்பது, மற்றவர்கள் அவனுக்கு வழிவிட்டதிலேயே தெரிந்தது. அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகத் தார்ப்பாய் வாக்கியத்துக்குப் போய், கீழே இருந்த அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பாத்தீங்களாடா, நம்ம ஆளு எவனும் இல்ல. நிரஞ்சனானு யாரு மேடம், நீங்களா?"

"ஆமா."

"நீங்க லாரியில போயிருக்கீங்களா?"

நிரஞ்சனா செல்லக்கண்ணுவைப் பார்க்கவில்லை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும்.

"இல்ல. நானா கற்பனை பண்ணி எழுதுனது."

"அதான பாத்தேன். எங்க கம்பெனியில இந்த மாதிரியெல்லாம் கெடையாது மேடம். என்ன செல்லக்கண்ணு, கெடையாதுல்ல?"

"கெடையாதுண்ணே" என்றார் செல்லக்கண்ணு. தடுமாறாமல், நேற்றே பாடம் பண்ணிவைத்தவர்போல் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் அந்த லாரியில் போகிறவர்கள்.

காப்பாற்றியாகிவிட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது, அதுவும் அருண்ராஜ்மேல் பாதி, பேராசிரியர்மேல் பாதி, கணக்கில் அடங்காமல் தன்மேல்.

அருண்ராஜ் போனைத் தூக்கிப் படமெடுக்கப் போனவன், நிறுத்தினான்.

"மேடம், ஒரு ஹெல்ப். பாஸுக்கு அனுப்பணும். கற்பனைனு அந்த அட்டையிலயே ஒரு வார்த்த எழுதிருங்களேன். இல்லாட்டி நம்ப மாட்டாரு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். எழுதினால் அந்த வாக்கியத்தில் மிஞ்சியிருக்கும் நிஜமும் பொய்யாகிவிடும். ஏதாவது சாக்கு வேண்டும் என்று, "பேனா இல்லையே" என்றாள்.

செல்லக்கண்ணு தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.