டிலியில் ஐரின்

லூர்துராஜின் தங்கை ஐரின் கன்னியாஸ்திரி, நர்சும்கூட. கிழக்குத் திமோரின் டிலி நகரத்தில் மடத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்த்துக்கீசியர் போன கையோடு இந்தோனேசியப் படை புகுந்து, இருபத்துநாலு வருஷமாக வெளியேறாத நாடு அது. 1999 ஆகஸ்ட் கடைசியில், சேர்ந்திருப்பதா பிரிவதா என்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. மலைஜனங்கள் முந்தின நாளே நடந்துவந்து வரிசையில் காத்துக் கிடந்ததாக ஐரின் போனில் சொல்லிச் சிரித்தாள்.

பிரிந்துபோகவே ஜனங்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். முடிவை அறிவித்ததும் ஊர் பற்றிக்கொண்டது. ராணுவத்தின் துணையோடு ஆயுதக் கும்பல்கள் வீடுவீடாகக் கொளுத்தின. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த லூர்துராஜ் லீவு போட்டுவிட்டுப் பழங்காநத்தம் வீட்டில் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போக விமானம் வந்திருக்கிறது, தனக்கும் இடம் உண்டு என்றாள் ஐரின். ஆனால் மடத்துக்குள் ஒரு கூட்டமே தஞ்சம் புகுந்திருந்தது. அதில் மூன்று பெண்கள் நிறைமாதம். அவர்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். அவள் பேசும்போதே பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

லூர்துராஜ் கெஞ்சினான். அவள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பொய் சொன்னான்.

"அம்மாவுக்கு நெஞ்சுவலி. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. பொழைக்கிறது கஷ்டம்ங்கிறாங்க. ஒடனே கெளம்பு."

மறுமுனையில் அழுகை. பிறகு, "வாரேண்ணே" என்றாள்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா சூசையம்மாள் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"ஐரின், நான் நல்லாத்தான் இருக்கேன். ஒங்கண்ணன் பயத்துல சொல்றான். வாரதா இருக்கதா, நீயே யோசிச்சு செய். எனக்காக வராத."

லைன் அறுந்தது.

"அவ செத்தா நீதான் கொன்ன" என்றான் லூர்துராஜ்.

"ஆமா" என்றாள் சூசையம்மாள்.

அதற்குப் பிறகு டிலி எண் அடிக்கவே இல்லை. கோயிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்களையும் பாதிரியார்களையும் வெட்டிக் கொன்ற செய்தி வந்தது. அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஆக்கி வைப்பாள், அவன் தொடமாட்டான், அவளும் சாப்பிடமாட்டாள்.

பன்னாட்டுப் படை இறங்கிய பிறகு, ஒரு பத்திரிகைக்காரரின் போனிலிருந்து ஐரின் பேசினாள். விமானத்தை விட்டுவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலையேறியிருந்தாள். ஒருத்திக்கு வழியிலேயே பிரசவமாகி, குழந்தை தக்கவில்லை. மற்ற இருவருக்கும் மலைமேல் ஒரு மரத்தடியில் நல்லபடியாகப் பிறந்தது. மடம் எரிந்துவிட்டது.

லூர்துராஜ் தேம்பிக்கொண்டே அம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்தான். அவள் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

2002 மே மாதம் அந்த நாடு சுதந்திரம் அடைந்தது. ஐரின் அங்கேயேதான் இருந்தாள். காலைச் செய்தியில் கொடியேற்றத்தைக் காட்டினார்கள். கூட்டத்தில் அவள் முகத்தை இருவரும் தேடினார்கள். அகப்படவில்லை. இன்னொரு தடவை காட்டுவார்களா என்று சூசையம்மாள் கேட்டாள். லூர்துராஜ் அடுத்த சேனலின் செய்தியை வைத்தான்.