சீசரின் கால்விரலும் அப்பாவின் காபியும்

1

இந்தக் கதை ஒரு போன் காலில் பிறந்தது. 1997, ஷார்ஜா. ஊரிலிருந்து தங்கச்சி லோகப்பிரியா, எங்களுக்கு லோகு, பேசினாள்: நம் சீசர் முன்னங்காலை விடாமல் நக்குகிறது. அதனால் இதைக் கேசட்டில் பேசி அனுப்புகிறேன். அவள் எழுதி அப்பாவுக்கு வாசிப்பாள். கதை என்றால் கேட்பார். அறிவுரை என்றால் எழுந்து தோப்புக்குப் போய்விடுவார்.

2

முதல் ஆரம்பம்: பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு மேல் சூரியன் மெல்ல

வேண்டாம். சூரியனுக்கு விரல் வீங்கவில்லை.

இரண்டாவது ஆரம்பம்: சீசர் பெரிய கறுப்பு நாய். ஒரு விரல் மட்டும் வீங்கியது. நகம் கோணி, பிறகு விழுந்தது. புண் ஆறவில்லை. நொண்டுகிறது. அப்பா தம்பிதுரை முள் என்று தீர்ப்பளித்து மஞ்சள் பத்துப் போட்டார். போட்டுக்கொண்டே இருக்கிறார்.*

* நான் வேலை பார்க்குமிடத்தில் இதே மாதிரி ஒரு விரலை எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே எலும்பு அரித்திருந்தது. புற்றுநோய். (நான் இருப்பது நாய் ஆஸ்பத்திரி. அப்பாவிடம் ‘கம்பெனி’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். லோகு, இதை அடித்துவிடு.)

[அடிக்கவில்லை. – லோகு]

3

ஊர் கால்நடை டாக்டர் லட்சுமிநாராயணன் என்ற பாத்திரத்தை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் லோகு சத்தியம் செய்கிறாள். வந்தார், விரலைப் பார்த்தார், முகம் மாறியது.

“கொஞ்சம் பார்த்துக்கலாமுங்க.”

“பார்த்துக்கலாமுங்க. காபி சாப்பிடுங்க” என்றார் அப்பா.

அடுத்த முறையும் இதே வசனம், இதே காபி. தோட்டத்துக்காரர் வீட்டில் கேன்சர் என்று சொல்வது மரியாதை இல்லை. என்ன நோய் என்று கேட்டு டாக்டரைச் சங்கடப்படுத்துவது அதைவிட மரியாதை இல்லை. இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் ஒரு விரல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

4

முடிவு அ: எக்ஸ்ரே. நோய் நெஞ்சுக்குப் பரவவில்லை. விரலை எடுக்கிறார்கள். மீதி விரல்களோடு சீசர் தபால்காரரைத் துரத்துகிறது.

முடிவு ஆ: எல்லோரும் கடைசிவரை மரியாதையாகவே இருக்கிறார்கள்.

இரண்டில் எதையும் நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. இங்கிருந்து என் கை சீசரின் காலுக்கு எட்டாது.

[வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். “நல்லா எழுதறானுங் கண்ணு. டாக்டர் வாராரு, காபி வெய்யி” என்றார். பால் இல்லை என்றேன். பால் இருந்தது. டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். “ஏனுங்க டாக்டர், இது கேன்சருங்களா?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை உங்கள் நாயின் விரல்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். – லோகு]