ஸ்டார்ட் ஆகாத லாரியும் இரண்டு பேரும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் ஜன்னலுக்குக் கீழே கிடைத்தது. பனி விலகாத ஒரு காலையில், எதிர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு லாரி அடம்பிடித்துக்கொண்டிருந்தது. செல்ஃப் மோட்டார் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பாதித் தூக்கத்தில் கேட்டால், யாரோ பெரிதாகத் தும்மப் போய்த் தும்மாமல் விடுவது போலிருந்தது. எட்டிப் பார்த்தால் வெறும் வெண்மை. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரலும் ஓர் ஆண் குரலும் வந்தன. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

"அன்று மட்டும் லாரி கிளம்பியிருந்தால்—"

(வேண்டாம். எல்லாவற்றையும் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறது.)

"அவன் டிரைவர், அவள் மெக்கானிக், ஒரு காலத்தில் இருவரும்—"

(ஒரு காலத்தில் என்ன? இன்றும் கணவன் மனைவிதான். பிரிவதென்று பேசி முடித்துவிட்டார்கள். இன்று அவன் தூரத்து ஊருக்குப் போகிறான், திரும்பி வரமாட்டான்.)

சரி, இப்படித் தொடங்குவோம்: அவனுடைய பெட்டி, தலையணை, இஸ்திரிப்பெட்டி எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. லாரிதான் நகரவில்லை.

3

"என்ன டிரைவரே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றபடி அவள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வருகிறாள்.

(பிரிவு முடிவான நாளிலிருந்து இப்படித்தான், வாடிக்கையாளரைக் கூப்பிடுவது போல. அவனும் சளைத்தவனில்லை.)

"செல்ஃப் நல்லா அடிக்குது மெக்கானிக்கம்மா. பிடிக்கத்தான் மாட்டேங்குது."

"டீசல் இருக்கா?"

"ரொப்பிட்டுதான் வந்தேன்."

"அப்ப ஏர் புடிச்சிருக்கும். எறங்கி வந்து பம்ப் அடிங்க."

டீசல் போகும் வழியில் காற்று புகுந்துவிட்டால் இன்ஜின் பட்டினிதான். ஃபில்டர் மேலுள்ள நட்டைத் தளர்த்திக் கை பம்பை அடித்தால், காற்று நுரைநுரையாக வெளியேறும். அவன் அடிக்கிறான், அவள் குனிந்து நுரையைப் பார்க்கிறாள். இரண்டு தலையும் ஒரே பானெட்டுக்கடியில். (இவ்வளவு நெருக்கத்தில் இவர்கள் நின்று ரொம்ப நாளாகிறது. எழுதுகிற எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

"பிரஷர் மாத்திரைய எடுத்து வச்சுக்கிட்டீங்களா?"

"ம்."

"எங்க?"

"சரி, மறந்துட்டேன். விடு."

நுரை நின்று டீசல் தெளிவாக வழிந்தது. நட்டை முறுக்கினாள். அவன் ஏறிச் செல்ஃப் அடித்தான். சுற்றியது. பிடிக்கவில்லை.

4

இங்கே என் திட்டத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய லாரிகளில் இன்ஜினை அணைக்க ஒரு குமிழை இழுப்பார்கள். அதை மறுபடி உள்ளே தள்ளாவிட்டால் டீசல் போகாது. நாள் முழுக்கச் சுற்றினாலும் வண்டி கிளம்பாது. அவன் பெட்டி ஏற்றும்போது அவள் திருட்டுத்தனமாக அதை இழுத்துவைக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் மசியவில்லை. போகிறவனைப் பிடித்து வைக்கிற ரகமில்லை அவள். எத்தனை தடவை எழுதினாலும் குமிழ் பக்கம் கை போகவில்லை. அந்தப் பத்தியையே அடித்துவிட்டேன்.

5

"எறங்குங்க, நான் பாக்கறேன்."

அவன் இறங்க, அவள் ஏறினாள். குமிழ் வெளியே இழுபட்டுக் கிடந்தது.

நான் இழுக்கவில்லை. அவளும் இழுக்கவில்லை. இத்தனை வருஷம் இதே லாரியை ஓட்டியவன் அதை உள்ளே தள்ள மறப்பானா? அப்படி நினைத்துத்தானே அவள் அதை முதலிலேயே பார்க்காமல் விட்டாள். (மறக்கலாம். மனசு சரியில்லாதவன் எதையும் மறப்பான்.)

அவன் கீழே நின்று, துடைத்த சைடு கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள் அவள்.

துடைத்த கை நின்றது.

6

குமிழை உள்ளே தள்ளி, அவனை அனுப்பி எழுதிப் பார்த்தேன். லாரி பனிக்குள் போய் மறைந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அடுத்ததில் அவள் குமிழைத் தொடாமல் பொய் சொல்கிறாள்:

"பம்பையே கழட்டணும் போல. இன்னிக்கு ஆகாது."

"ஆகாட்டி போகுது."

இதை எழுதியபோது சிரித்தேன். ஆனால் நாளைக்கு? ஒரு லாரியை எத்தனை நாள் ரிப்பேர் பார்ப்பது?

"இந்தக் குமிழ நீங்களாத்தான் இழுத்து—"

(இதற்குமேல் ஓடவில்லை.)

அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அவன் கேபின் கதவருகே வந்து, நிமிர்ந்து பார்த்து, "சொல்லு" என்கிறான். இப்போது அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். குமிழைத் தள்ளுவதா, விடுவதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.